பெங்களூருக்குப் போக எவ்வளவு கேட்கலாம்?

சென்னையில் வேலை பார்ப்பவர் ஒருவருக்குப் பெங்களூரிலிருந்து ஆஃபர் வந்துவிட்டால், அலுவலகத்தில் டீ குடிக்கிற இடத்திலேயே அவருக்கான சம்பள நிர்ணயக் குழு கூடிவிடும். "இருபது பர்சென்ட்டாவது கூடக் கேளு" என்பார் ஒருவர். "முப்பதுக்குக் கீழே போனா போகாதே, அங்கே வாடகை தெரியுமா?" என்பார் இன்னொருவர். பெங்களூரில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர் மட்டும் எந்தச் சதவீதமும் சொல்லாமல், "எந்த ஏரியாவிலே ஆபீஸ்?" என்று கேட்பார். மூவரில் இவருடைய கேள்விதான் உருப்படியானது என்பது என் கட்சி. அதை நிறுவுவதற்கு முன், அந்த இருபதும் முப்பதும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் இரு நகரங்களின் செலவை ஒப்பிடுவதற்கு அளவுகோல்கள் ஏராளமாக இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல்.

மெர்சர் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் வாழ்க்கைச் செலவுப் பட்டியலில், 2024-இல் சென்னைக்கு 189-ஆவது இடம், பெங்களூருக்கு 195-ஆவது. மேலே இருந்தால் செலவு அதிகம் என்று பொருள். அதாவது பெங்களூரைவிடச் சென்னைதான் சற்றே செலவு மிக்க ஊர். மத்திய அரசின் ஊழியர்களுக்கான வீட்டு வாடகைப் படியில் இரண்டு நகரமும் ‘எக்ஸ்’ பிரிவு. படியின் விகிதம் ஒன்றே. அதே அரசின் வருமான வரித் துறை வைத்திருந்தது வேறு கணக்கு. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில், வாடகைப் படிக்கான விலக்கு மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கு மட்டும் சம்பளத்தில் 50 சதவீதம் வரை இருந்தது. பெங்களூர் உட்பட மற்ற ஊர்களுக்கெல்லாம் 40 சதவீதமாகத்தான் இருந்தது. பழைய திட்டக்குழு 2011-12-க்கு வகுத்த வறுமைக் கோட்டை எடுத்தால் கதை தலைகீழ். நகர்ப்புறத் தமிழ்நாட்டில் ஒருவருக்கு மாதம் 937 ரூபாய், நகர்ப்புறக் கர்நாடகத்தில் 1,089 ரூபாய். கர்நாடக நகரங்கள் சுமார் 16 சதவீதம் கூடுதல்.

சென்னை அதிகம், இரண்டும் சமம், மறுபடியும் சென்னை அதிகம், இல்லை கர்நாடகம்தான் அதிகம். நான்கு அளவுகோல், நான்கு தீர்ப்பு. எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு மனிதரை மனத்தில் வைத்து அளந்திருக்கிறது, அவ்வளவுதான். மெர்சர் அளப்பது, பன்னாட்டு நிறுவனம் ஒன்று வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைக்கும் அதிகாரியின் செலவை. அவர் தேடும் வீடும் வாங்கும் பொருளும் வேறு. மத்திய அரசின் ‘எக்ஸ்’ பிரிவு மக்கள்தொகையை வைத்து வந்தது; ஐம்பது லட்சத்தைத் தாண்டிய நகரம் எல்லாம் அதில் அடக்கம். அங்கே வாடகையை யாரும் போய் அளக்கவில்லை. அந்த வரி விதியின் நான்கு நகரப் பட்டியலோ, ஓய்வுபெற்றவர்கள் தோட்டம் வைத்து வாழப் போகும் குளிர்ந்த ஊராகப் பெங்களூர் இருந்த காலத்தின் மிச்சம். அந்தத் தோட்டங்களில் பாதி இன்று ஐ.டி. பூங்கா. புதிய வரி முறைக்குப் போய்விட்டவர்களுக்கு இந்த விலக்கே இல்லை என்பதால், சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு இது இப்போது பழங்கதையும்கூட. வறுமைக் கோடு நான்கில் ஓரளவு நேர்மையானது. உயிர்வாழத் தேவையான பொருள்களை அந்தந்த மாநில விலையில் கணக்கிட்டது. ஆனால் அது பெங்களூர் நகரத்தை அளக்கவில்லை. ஹூப்ளியையும் ராய்ச்சூரையும் சேர்த்து அளந்தது.

இன்னும் இரண்டு அரசுப் புள்ளிவிவரங்கள் இந்த விவாதத்தில் தவறாமல் இழுக்கப்படும். முதலாவது தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு. 2016-ஐ நூறாக வைத்து, 88 மையங்களுக்குத் தனித்தனியாக மாதாமாதம் வருகிறது. சென்னைக்கு ஓர் எண், பெங்களூருக்கு ஓர் எண். இரண்டையும் பக்கத்தில் வைத்து "இந்த ஊர் மலிவு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தவறு. 2016-இல் இரு நகரத்துக்கும் நூறு என்றுதான் தொடங்குகிறது. அன்றைக்கே இரண்டுக்கும் இருந்த விலை வித்தியாசம் அந்த நூறுக்குள் புதைந்துவிட்டது. அதன்பின் எங்கே வேகமாக ஏறியது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். இரண்டாவது, குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு. 2022-23-இல் தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் தலைக்கு மாதம் 7,630 ரூபாய், கர்நாடக நகர்ப்புறத்தில் 7,666 ரூபாய். கிட்டத்தட்ட சமம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இது மக்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற கணக்கு. வாடகை எட்டாமல் சின்ன வீட்டுக்குப் போனவர் செலவழித்தது குறைவாகத்தான் காட்டும். அதற்காக அந்த ஊர் மலிவாகிவிடாது.

இவற்றைவிட இளைஞர்கள் நம்புவது இணையக் கணிப்பான்களை. பேர் பெற்றது நம்பியோ. பயன்படுத்துகிறவர்களே விலையை இட்டு நிரப்புவது. பால், அரிசி, முட்டையோடு, கப்புச்சினோவும் உடற்பயிற்சிக்கூடக் கட்டணமும் லீவைஸ் 501 ஜீன்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. மேடவாக்கத்தில் குடியிருக்கிற குடும்பம் வருடத்துக்கு எத்தனை லீவைஸ் வாங்குகிறது என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் இந்த ஜீன்ஸ் சென்னையில் என்ன விலையோ, அதே விலைதான் பெங்களூரிலும். அதைவிட முக்கியமான குறை வேறொன்று. அந்தத் தளத்தின் முதன்மையான வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேர்க்கப்படுவதில்லை. வாடகைக்குத் தனிக் குறியீடு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர், எதற்காகக் கணக்குப் பார்க்க வந்தாரோ அதை விட்டுவிட்டுப் போகிறார்.

வாடகையைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு கோளாறு தங்கும். இந்தக் கணிப்பான்கள் விகிதத்தில் பேசுகின்றன. "அங்கே ஒரு லட்சத்தில் வாழும் வாழ்க்கைக்கு இங்கே இவ்வளவு தேவை" என்று மொத்தத் தொகையையும் ஒரே விகிதத்தால் பெருக்கிவிடுகின்றன. கையில் வரும் சம்பளத்தில் முப்பதாயிரம் சேமிப்புக்குப் போகிறது என்றால், அந்த முப்பதாயிரத்துக்கு ஊர் கிடையாது. மியூச்சுவல் ஃபண்டு எஸ்.ஐ.பி. சென்னையிலிருந்து கட்டினாலும் பெங்களூரிலிருந்து கட்டினாலும் ஒரே தொகை. காப்பீட்டுப் பிரீமியம், ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடன் தவணை, எதுவும் நகரம் மாறியதற்காக மாறப்போவதில்லை. மாறுவது சில இனங்கள்தான். ஆகவே இரு நகரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை ரூபாயில் போட வேண்டும். சதவீதம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரே சம்பளம், கையில் ஒரு லட்சம். சோழிங்கநல்லூர் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு, மெயின்டனன்ஸோடு 22,000. பெங்களூரில் பெல்லந்தூர், மாரத்தஹள்ளிப் பக்கம் அதே அளவு வீட்டுக்கு 35,000 என்று வைத்துக்கொள்வோம். (இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள், உங்கள் வீட்டுக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.) வித்தியாசம் 13,000. அட்வான்ஸ் சென்னையில் ஒரு லட்சம் கொடுத்தது திரும்பி வருகிறது, பெங்களூரில் இரண்டு லட்சம் கேட்கிறார்கள். கூடுதலாக முடங்கும் ஒரு லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்றால் மாதம் 600. போக்குவரத்துக்குக் கூடுதலாக 2,000. மளிகை, வீட்டு வேலைக்கு ஆள், வெளியில் சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நால்வரும் ஊருக்குப் போய்வர மாதக் கணக்கில் 2,500. இதில் மின்சாரத்தில் மிச்சமாகும் ஆயிரத்தைக் கழித்தால் மொத்தம் 18,600.

இது கையில் வர வேண்டிய தொகை. சம்பளத்தில் கூடுதலாக வருகிற ஒவ்வொரு ரூபாயும் மேல் அடுக்கு வரியில்தான் போய் விழும். புதிய வரி முறையில் 15 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு 15.6 சதவீதம். ஆக 18,600 கையில் வர, சம்பளம் 22,000 ஏற வேண்டும். பி.எஃப். பிடித்தம் இதற்கு மேல். டீக்கடைக் குழுவின் ‘இருபது’ இந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழப் பொருந்திவிட்டது. ஆனால் அது இந்தச் சம்பளத்துக்கு நேர்ந்த பொருத்தம். கையில் மூன்று லட்சம் வாங்குகிறவர் இன்னும் பெரிய வீடு, நல்ல அடுக்ககம் என்று போனாலும் வித்தியாசம் முப்பதாயிரத்தை ஒட்டியே நிற்கும், பத்து சதவீதம். கையில் நாற்பதாயிரம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவருக்கு வாடகையில் ஆறாயிரம், மற்றவற்றில் மூவாயிரம் என்று ஒன்பதாயிரம் கூடினாலே இருபத்திரண்டு சதவீதத்தைத் தாண்டிவிடும். சம்பளம் குறையக் குறையக் கேட்க வேண்டிய சதவீதம் ஏறுகிறது. நடைமுறையில் நடப்பதோ நேர்மாறு. பெரிய சம்பளக்காரருக்கு முப்பது, நாற்பது சதவீத ஹைக் வாரி வழங்கப்படுகிறது. சின்னச் சம்பளக்காரர் அதே கம்பெனியின் பெங்களூர்க் கிளைக்கு மாற்றலாகி, பழைய சம்பளத்திலேயே போய் நிற்கிறார்.

பட்டியலை மறுபடி பாருங்கள். 18,600-இல் 13,600 வீட்டோடு சேர்ந்தது. அரிசி பருப்பு விலையைப் பற்றி இரண்டு ஊர்க்காரர்களும் போடும் சண்டைக்கு இதில் இடமே இல்லை. பால் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவின் 2021 மே மாதம் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது, நந்தினி 2025 ஏப்ரலில் நான்கு ரூபாய் ஏற்றியது. தினம் ஒன்றரை லிட்டர் வாங்கும் வீட்டில் இந்த நான்கு ரூபாய் மாதத்துக்கு 180. பெட்ரோலும் அப்படித்தான். 2024 ஜூனில் கர்நாடகம் விற்பனை வரியை ஏற்றியபின் அங்கே லிட்டருக்கு ஓரிரு ரூபாய் கூடுதல். ஐம்பது லிட்டர் போடுகிறவருக்கு நூறு ரூபாய் வித்தியாசம். தொழில் வரியும் ஒன்றுதான். அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் எந்த மாநிலமும் வாங்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறது. கர்நாடகம் மாதாமாதம் பிடிக்கும், சென்னை மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும்.

வீட்டில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெங்களூர் வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கையில் எடுங்கள். பதினோரு மாதம். அட்வான்ஸ் ஒரு காலத்தில் சொல்லிவைத்தாற்போலப் பத்து மாதம். இப்போது ஐந்து, ஆறு என்றும் பேரம் படிகிறது, நல்ல இடமென்றால் பழைய பத்துதான். புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ ஏற்றம். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பு, சுவர் புதுசாகவே இருந்தாலும். மெயின்டனன்ஸ் தனி. கார் நிறுத்த இடம் சில வீடுகளில் தனி. புரோக்கருக்கு ஒரு மாதம். சென்னையிலும் இதெல்லாம் இல்லாமல் இல்லை. பத்து மாத அட்வான்ஸ் இங்கேயும் ஊறிய பழக்கம்தான். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ‘வேறு உடன்பாடு இல்லாதபோது’ என்ற அந்தத் துணைவாக்கியத்தின் வழியாக யானையே போகலாம், உண்மைதான். ஆனாலும் பேரத்தில் எடுத்துப் போட ஒரு காகிதமாவது இருக்கிறது.

தண்ணீரைப் பொறுத்தவரை யாரும் யாரையும் கேலி செய்ய முடியாத நிலை. சென்னையின் ஏரிகள் 2019-இல் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது மாவட்ட நிர்வாகமே டேங்கர் லாரிக்கு விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் ஆறாயிரம் லிட்டருக்கு 600 ரூபாய், பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு 1,000 ரூபாய். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர், நகர விளிம்பில் சேர்ந்த 110 கிராமங்களுக்கென ஒதுக்கப்பட்டது. சென்னைக்கு நெம்மேலியின் இரண்டாவது கடல்நீர் ஆலை அதே ஆண்டு பிப்ரவரியில் வந்தது. ஆனால் ஒப்பிடுகிறவருக்கு வேண்டியது மில்லியன் லிட்டர்க் கணக்கு இல்லை. பார்க்கிற அடுக்ககத்துக்குக் காவிரி இணைப்பு இருக்கிறதா, லாரியை நம்பியிருக்கிறதா என்பது. லாரியென்றால் கோடையில் மெயின்டனன்ஸ் தொகை ஒரே மாதத்தில் ஆயிரம், இரண்டாயிரம் என்று தாவும். ஓ.எம்.ஆர். அடுக்ககவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தில் மட்டும் பெங்களூர் வெளிப்படையாக ஜெயிக்கிறது, அதுவும் கட்டணத்தால் அல்ல, காற்றால். சென்னையில் மே மாதம் ஏ.சி. போட்ட வீட்டில் ஈ.பி. மீட்டரை அடிக்கடி எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழடுக்கில் கிடைத்த சலுகையும் பறிபோய், ஒரு யூனிட் வித்தியாசத்தில் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் குதிக்கும். அதிலும் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிற வீடாக இருந்தால், அரசு தரும் நூறு இலவச யூனிட்டும் வாடகைக்காரர் கண்ணில் படாது. கர்நாடகத்தில் 2023-இல் வந்த ‘க்ருஹ ஜோதி’ திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்கிறார்கள். அதற்குள் ஒரு நிபந்தனை: அந்த இணைப்பின் பழைய சராசரியோடு சிறிது கூட்டி அதுவரைதான் இலவசம். புதிதாகக் குடிபோகிறவருக்கு விளம்பரத்தில் உள்ள 200 கிடைத்துவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. எப்படியும் ஏ.சி.யே இல்லாமல் ஆண்டு முழுக்கத் தள்ளிவிடலாம் என்பதால் மிச்சம் உறுதி.

போக்குவரத்தில் நான் எதிர்பாராத ஒன்று உண்டு. டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி நகர மையத்தில் பத்து கிலோமீட்டர் கடக்கப் பெங்களூரில் 34 நிமிடம், சென்னையில் 30 நிமிடம். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நான்கு நிமிடம் ஏமாற்றமாக இருக்கும். பர்சை உண்மையில் தொடுவது வேகம் அல்ல, ரயில். சென்னையில் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் புறநகர் மின்ரயில் சீசன் டிக்கெட்டில் ஒரு மாதமே சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பெங்களூரில் அதற்கு ஈடாக எதுவும் இன்னும் ஓடவில்லை. மெட்ரோ உண்டு, 2025 பிப்ரவரியில் அதன் உச்சக் கட்டணம் 90 ரூபாயானது. சென்னை மெட்ரோவில் உச்சம் 50.

இனி எந்தக் குறியீட்டிலும் இல்லாத இனங்கள். என் கணக்கில் இவைதான் கனமானவை. முதலாவது, துணையின் வேலை. சென்னையில் ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டிருந்த மனைவி, கணவரின் மாற்றலுக்காக வேலையை விட்டுவிட்டு, பெங்களூரில் எட்டு மாதம் தேடி அதே சம்பளத்தில் சேர்கிறார் என்று வையுங்கள். போனது நான்கு லட்சம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 16,700. மேலே வாடகையிலிருந்து மளிகை வரை ஒவ்வொன்றாகக் கூட்டிய மொத்தத் தொகைக்குக் கிட்டத்தட்ட சமம். இதைக் கணக்கில் எழுதாமல், "அவளுக்கும் அங்கே நல்ல ஸ்கோப் இருக்கு" என்று ஒரு வரியில் கடந்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். ஸ்கோப் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். வேலைச் சந்தையின் ஆழத்தில் பெங்களூர் சென்னையைவிடப் பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இடையில் போகும் மாதங்களுக்கு யார் சம்பளம் தருவார்கள்?

அடுத்தது, பாட்டி. பள்ளி விட்டு வரும் குழந்தையை மூன்றரை மணியிலிருந்து ஏழு மணி வரை பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குச் சென்னையில் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பெங்களூரில் அந்த மூன்றரை மணி நேரத்துக்கு டே-கேரில் பணம் கட்ட வேண்டும். பாட்டியையும் அழைத்துப் போகலாம் என்றால் அவருக்கு ஓர் அறை வேண்டும், வாடகை மறுபடி ஏறும். அதோடு அவருடைய டாக்டர், கோயில், தங்கை வீடு எல்லாம் சென்னையிலேயே இருந்துவிடும்.

பள்ளி. கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கற்றாக வேண்டும். தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழுக்குச் செய்ததுபோல. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இது விளையாட்டு. ஏழாம் வகுப்பில் போய்ச் சேரும் குழந்தைக்கு டியூஷன். அட்மிஷன் கட்டணம் தனி.

வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு மாற்ற வேண்டும். கர்நாடகத்தின் ஆயுள் வரி நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்று. ஐந்து முதல் பத்து லட்சம் ரூபாய்க் காருக்கு 14 சதவீதம், பத்து முதல் இருபது லட்சத்துக்கு 17. மேலே செஸ். வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டாலும், நான்கைந்து வருடம் ஓடிய சாதாரணக் காருக்கே தொகை லட்சத்தை நெருங்கிவிடக்கூடும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு அந்த வழியில் கடைசி வரை நடக்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. காரை விற்றுவிட்டுப் போவது பல சமயம் மலிவு.

இதுவரை பேசியதெல்லாம் ஆஃபர் லெட்டர் வருகிறவர்களைப் பற்றி. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பெங்களூர் போகிறவர்களுக்கு யாரும் கணிப்பான் செய்யவில்லை. செய்தால் வருகிற விடை கடுமையாக இருக்கும். தமிழ்நாட்டில் ரேஷன் கடை எல்லா அட்டைதாரருக்கும் பொது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் வேறு மாநிலத்தில் செல்லுவது, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைக்கு மட்டும். மாநில அரசு தன் செலவில் அரிசி தரும் அட்டைக்கு அங்கே மதிப்பில்லை. மாதம் இரண்டாயிரம் தரும் ‘க்ருஹ லக்ஷ்மி’க்குக் கர்நாடக ரேஷன் அட்டை வேண்டும். பெண்களுக்கான இலவசப் பேருந்துக்கு, கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். இந்த ஒன்றில் சென்னை பெருந்தன்மையாக இருக்கிறது: சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறும் பெண்ணிடம் எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்பதில்லை. தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருப்பவர் பெயரில் மின் இணைப்பே இருக்காது என்பதால் ‘க்ருஹ ஜோதி’யும் எட்டாது. கூலி அங்கே அதிகம் என்றுதான் போகிறார்கள். ஆனால் விட்டுப்போகும் அரிசியையும் பேருந்தையும் கூலியிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் அதிகம் என்று சொல்ல வேண்டும்.

நகரத்தோடு நகரத்தை ஒப்பிடுவதே எவ்வளவு பிழையான வேலை என்பதற்கு ஓசூர் ஒன்றே போதும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால், ஓசூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். வாடகை பெங்களூர் உள்வட்டத்தைவிட வெகுவாகக் குறைவு. வண்டி தமிழ்நாட்டுப் பதிவிலேயே இருக்கும், குழந்தை தமிழே படிக்கும், ரேஷன் அட்டைக்கு முகவரி மட்டும் மாறும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் வந்தபின், அந்த நிலையம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஜெயநகர்ப் பக்கம் போவதுகூட நடக்கிற காரியமாகிவிட்டது. அத்திப்பள்ளி எல்லையில் காலை நெரிசலைச் சகித்துக்கொள்ள வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும். ஆனால் அதே நபருக்கு வேலை வைட்ஃபீல்டில் என்றால் இந்த ஓசூர்க் கணக்கு முழுதும் செல்லாக்காசு. எந்த ஏரியாவிலே ஆபீஸ் என்று அந்தப் பழைய பெங்களூர்க்காரர் கேட்டது இதற்காகத்தான்.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். வாடகை வீட்டில் இருந்து சம்பளத்தில் வாழ்கிறவருக்குப் பெங்களூர் சென்னையைவிடச் செலவு மிக்க ஊர். அந்த அதிகத்தில் முக்கால் பங்கு வீட்டில் இருக்கிறது. மளிகையிலும் பாலிலும் தேடுவது வீண். தனியாள், பி.ஜி.யிலோ நண்பர்களோடு பகிர்ந்தோ தங்குகிறவர், பத்து சதவீதம் கூடுதலாகக் கிடைத்தாலே கிளம்பலாம். வேலைச் சந்தையின் ஆழம் அவருக்குத்தான் முழுப் பலன் தரும். கையில் ஒரு லட்சம் வாங்கும் நால்வர் குடும்பம், கையில் 1,20,000-க்குக் கீழ் என்றால் மறுத்துவிட வேண்டும். கணக்கில் வராத செலவுகளுக்கும் இடம் வேண்டுமென்றால் 1,25,000. சென்னையில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு இந்த எல்லை இன்னும் மேலே. தன் வீட்டை 22,000-க்கு விட்டுவிட்டு 35,000 கொடுக்கப் போகிறவர் அவர். மூன்றாவது மனிதரின் வீட்டுக்கு 13,000 கூடுதலாகக் கட்டுவதோடு, தன் வீட்டுக்கு வாடகைக்காரர் தேடும் வேலையும் வாடகை வருமானத்துக்கு வரியும் சேரும். இரண்டு சம்பளக் குடும்பம், இன்னொருவருக்கும் கையில் வேலை உறுதியாகும் வரை நகரக் கூடாது, ஹைக் ஐம்பது சதவீதமாக இருந்தாலும். மாற்றலில் பழைய சம்பளத்திலேயே அனுப்பப்படும் நாற்பதாயிரக்காரருக்கு அது மாற்றலே அல்ல, சம்பளக் குறைப்பு. அந்தப் பெயரிலேயே மேலாளரிடம் பேச வேண்டும்.

பேசும்போது கவனிக்க வேண்டிய இடம், ஜாயினிங் போனஸ். சாமான் லாரி, புரோக்கர், பள்ளி அட்மிஷன், கார் வரி என்று ஒருமுறை ஆகும் செலவு இரண்டு, இரண்டரை லட்சம் வரை போகலாம். ஒருமுறை வரும் போனஸ் அதற்குத்தான் சரியாக இருக்கும். மாதாமாதம் 18,600 கூடுகிற செலவுக்கு அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. இரண்டரை லட்சம் அந்த வேகத்தில் பதினான்காவது மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஆஃபர் லெட்டரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம்.